பேட்ஜில் ஏறாதவை

ருவைஸ். இரவு ஒன்றரை.
கயிறு கட்டி ஆட்களை விலக்கியாயிற்று.
பிஷ்ணு தாபா டார்ச்சை ஆட்டுகிறான்: யாருமில்லை.
கைப்பிடியைச் சுற்றுகிறேன்.
மிளகளவு இரிடியம் வழிக்குழாயில் நழுவிப் போய்
சவரிராயன் பற்றவைத்த நூற்றுப் பதினேழாம் வளையத்தின்
எதிரே உட்காருகிறது.

எஃகின் மறுபுறம் ஃபிலிம்.
அதன் விலாசத்தை ஈய எழுத்தில் வைத்திருக்கிறேன்.

ஆறு நிமிடம்.
கேம்ப் பஸ்ஸில் படித்ததை நினைத்துக்கொள்ளப் போதும்:
திமிங்கலம் என்று பேர் வைத்த விண்மீன் கூட்டத்தின் பக்கம்
ஒரு மண்டலம். நடுவே கருந்துளை.
விழப்போகிறதெல்லாம் விழுமுன்
சுற்றிச் சுற்றிக் காய்கிறது.
அந்தக் காய்ச்சலில் புரோட்டான்கள் முட்டிச் சிதற
காமாவும் நியூட்ரினோவும்
ஒரே பிரசவம்.

காமா வெளியே வரவில்லை.
ஒளியே ஒளியை வழிமறிக்கிற நெருக்கம் அங்கே.
நியூட்ரினோ மட்டும்
கேட்டில் பையைத் திறந்து காட்டாமல்
நடந்து வந்துவிட்டது,
நாலேமுக்கால் கோடி வருடம்.
தென்துருவப் பனிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் கீழே
நீலமாய் ஒரு கீற்று.
பத்து வருடம் எண்ணி
எண்பதுக்குப் பக்கம்தான் தேறியதாம்.
எங்கள் பிளாக்கின் சாப்பாட்டு வரிசை அதைவிட நீளம்.

மின்னூட்டம் உள்ளவற்றைக் கேட்டு
ஊரைக் கண்டுபிடிக்க முடியாது.
ஒவ்வொரு காந்தப்புலமும் ஒரு பக்கம் இழுத்திருக்கும்.
ஜுபைல், சொஹார்,
நடுவில் பதினோரு மாதம் ராஸ் லஃபான்,
இப்போது இங்கே.
எங்கிருந்து வருகிறாய் என்று கவுண்டருக்குக் கவுண்டர் கேட்டார்கள்.
கடைசியாகக் கிளம்பிய இடத்தைச் சொன்னேன்.

எதிலும் ஒட்டாததுதான்
பிறந்த திசையைக் காட்டும் என்பதில்
எனக்குக் கொஞ்சம் கோபம்.

மணி அடிக்கிறது.
உள்ளே இழுக்கிறேன். மீட்டர் அடங்குகிறது.
சட்டையில் குத்திய பேட்ஜ் காமாவைக் கணக்கு வைக்கும்,
மூன்று மாதத்துக்கொருமுறை அபுதாபி போய்
எண்ணாகத் திரும்பும்.
இந்த மிளகும் நியூட்ரினோ விட்டுக்கொண்டுதான் இருந்தது.
அது எதிலும் ஏறாது.
என்னை, கயிற்றை, பிஷ்ணுவின் கொட்டாவியை ஊடுருவி
இதைச் சொல்லி முடிப்பதற்குள்
நிலாவைத் தாண்டியிருக்கும்.

நாலு மணி. இருட்டறை வண்டி.
வெளிச்சப் பெட்டியில் ஃபிலிம், ஈரம் சொட்ட.
வளையத்தின் அடியில் மயிரிழைக் கறுப்பு.
வேர்வரை உருகவில்லை.
வெளியே பார்த்தால்
நகை செய்தவன் கைபோல இருக்கும் அவன் வேலை.
வெட்டவேண்டும் என்று எழுதிவிட்டேன்.

பஸ்ஸில் எனக்கு அடுத்த சீட் அவனுடையது.
எப்படித் தெரிந்தது என்று கேட்டால்
உள்ளே போய் வந்த ஒன்று சொன்னது என்பேன்.
ஆனால் சவரிராயன் அதைக் கேட்கமாட்டான்.
வேறு யாருக்காவது தெரியுமா
என்றுதான் கேட்பான்.