முப்பது நாள் செல்லுபடி

கொட்டேசனின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும்:
இவ்விலை முப்பது நாள் மட்டும் செல்லுபடியாகும்.
மர்சூக் நானாவுக்கு அதை
ஏழு தடவை அடித்துக் கொடுத்துவிட்டேன்.

முதலாவதைக் கண்ணாடி போட்டு வாசித்தார்.
இரண்டாவதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
மூன்றாவதில் சுற்றித்தான்
கிண்ணியா வாடியில் எனக்கு
ஒன்றரைக் கிலோ பாரை தந்தார்.
வீட்டில் பிரித்தபோது
கம்பனி முத்திரையில் செதில் ஒட்டியிருந்தது.

நான் விற்பது ஐஸ் மெசின்.
நாளுக்கு மூன்று தொன், கட்டி ஐஸ்.
சவர்க்காரம் இல்லை
பேசிக்கொண்டிருக்கும்போதே மனம் மாறி
இரண்டு எடுத்து வைக்க.
இதற்கு மச்சானைக் கேட்க வேண்டும்
வங்கியைக் கேட்க வேண்டும்
மனைவியின் பெயரிலிருக்கும் காணி உறுதியை
மனைவியிடமே கேட்க வேண்டும்.

வாடைக்காற்று நிற்கட்டும் என்றார், தையில்.
நோன்பு முடியட்டும் என்றார்.
பெருநாளும் முடிந்தது.
மச்சான் கட்டாரிலிருந்து வரட்டும் என்றார்.
மச்சான் வந்தார்,
எனக்கும் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் தந்தார்,
திரும்பிப் போனார்.
டொலர் இறங்கட்டும் என்றார்.
அது என் கையில் இல்லை என்றேன்.
என் கையிலும் இல்லையே தங்கச்சி என்றார்.

ஒவ்வொருவருக்கும் ஒரு இடைவெளி உண்டு.
அதைக் கண்டுபிடிக்கத்தான் காலம் போகிறது.
நிலாவெளி ஹோட்டல்காரருக்கு ஒரு கிழமை.
திருக்கடலூர் சங்கத்துக்கு ஒரு மாதம்.
மர்சூக் நானாவுக்குப் பதினெட்டு நாள்.
பதினேழாம் நாள் கோல் எடுத்தால்
"இப்பத்தானே கதைச்ச."
இருபதாம் நாள் எடுத்தால்
"என்ன, ஆளையே காணல்ல."

கொப்பியில் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்:
அவருடைய இடது முழங்கால்,
பழைய லொறியின் கியர் பெட்டி,
இளைய மகள் ரிசானாவின் சோதனை.
அடுத்த முறை மறக்காமல் விசாரிக்கத்தான் எழுதினேன்,
பொய் சொல்லவில்லை.
ஆனால் அவளுக்குக் கணக்குப் போய்விட்டதென்று கேட்ட அன்று
உள்துறைமுக வீதியில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.
அதை எழுதக் கொப்பியில் நிரல் இல்லை.

மாதக் கடைசியில் கொழும்பிலிருந்து
பிரியங்கர சேர் எடுத்தார்.
அந்தக் கிண்ணியா ஆள் கோல்ட்,
லிஸ்டில் இருந்து வெட்டுங்க என்றார்.
ஐஸ் விற்கிறவளிடம்
ஆள் குளிர்ந்துவிட்டார் என்கிறார்!
பஸ் நிலையத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.
ஒரு புள்ளிமான் வந்து
பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த புரோசரின் மூலையைக் கடித்து
ருசி பிடிக்காமல் விட்டுப் போனது.
சரி சேர் என்றேன்.
பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன்,
அழுத்தாமல்.

நேற்றுப் பதினெட்டாம் நாள்.
எட்டாவது கொட்டேசன் அடிக்கவில்லை.
மழைக்குணம் என்று குடை மட்டும் எடுத்துக்கொண்டு
பாலத்தைக் கடந்து போனேன்.
தம்புள்ளைக்குப் போகும் லொறிக்கு மீன் நிறுத்துக்கொண்டே
"பாப்பம் தங்கச்சி, அவசரப்படாதீங்க" என்றார்.
நான் வாயே திறந்திருக்கவில்லை.

கை கழுவ வாடிக்குப் பின்னால் போனால்
புதுக் கொங்கிறீற்று.
ஈரச் சாக்குப் போர்த்திக் கிடந்தது.
ஒரு மூலையில் ஆட்டுக்குட்டி மிதித்த குளம்பு.
குடையால் அளந்தேன்.
நீளம் பதினொரு அடி, அகலம் ஆறு.
தண்ணீர் ஓட ஒரு வெட்டு,
இடப்பக்கம்,
புரோசரின் நாலாம் பக்கத்துப் படத்தில் இருப்பதுபோல.

சாக்கை இழுத்துச் சரியாக மூடினேன்.
கையைத் துடைத்துக்கொண்டு வந்து
முழங்கால் எப்படி நானா என்றேன்.
"அது கிடக்கு" என்றார்,
தராசைப் பார்த்தபடி.

திரும்பும் பஸ்ஸில் கொப்பியைத் திறந்து
பதினெட்டு நாள் எண்ணினேன்.
ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது.
திங்கள் என்று எழுதினேன்.