ஒன்பதாம் நாள்

ஏழாவது மாடி நடைபாதையில்
நான்கு மைலோ டின்கள்.
கறுப்பு, வெள்ளை, சிவப்பு அடித்ததில்
பெயின்ட் தீர்ந்துபோய்
நான்காவதைப் பச்சையாகவே விட்டாள்.

எந்த நிறத்தில் கொசு அதிகம் முட்டையிடும்?
லோஷினியின் கேள்வி இது.
இரண்டாம் படிவம். அறிவியல் விழாவுக்கு மூன்று வாரம்.
"வேற கேள்வியே கிடைக்கலையா உனக்கு?"
"எரிமலை செய்ய ஆறு பேர் இருக்காங்க, அக்கா."

பாயான் லெப்பாஸில் எனக்கு இரவு ஷிப்ட்.
ஆறு மணி பஸ்ஸுக்கு முன்
டின்னுக்குள் செருகிய காகிதத்தை உருவி
நான் டார்ச் அடிக்க, அவள் எண்ணுவாள்.
பேனா முனை பட்டதுபோல் ஒவ்வொரு முட்டையும்.
பதினேழு, பதினெட்டு,
யாராவது தும்மினால் மறுபடி ஒன்று.
பக்கத்து வீட்டு சியூ ஆன்ட்டி
இது என்ன சாமி என்று கேட்டார்.

ஒன்பதாம் நாள்
சுகாதார இலாகா வந்தது.
அம்மா வேலையில், இவள் பள்ளியில், நான் தூக்கத்தில்.
கதவைத் திறப்பதற்குள்
நான்கு டின்னும் கால்வாயில் கவிழ்ந்தன
காகிதத்தோடு.
"இது ஆராய்ச்சி" என்றேன், அரைத்தூக்க மலாயில்.
"கொசுவுக்குத் தெரியுமா அது?" என்றார் ஒருவர்.
நல்லவேளை, அபராதம் எழுதவில்லை.

மாலையில் டின்களை நிமிர்த்தினாள்.
அழவில்லை.
நோட்டைத் திறந்தாள்.
கறுப்பு: ஏழாம் நாள் முப்பத்தேழு,
எட்டாம் நாள் நாற்பத்தொன்று.
"முப்பத்தொன்பது போடு," என்றேன்,
"யாருக்குத் தெரியப் போகுது?"

பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.
கோபமில்லை.
கூட்டல் சரியாக வராதபோது
தாளைப் பார்ப்பாளே,
அப்படி.

பாலத்தடி நெரிசலில் பஸ் நின்றபோது
நினைவு வந்தது.
போன ஜூன், நாலாம் நம்பர் அடுப்பு,
இரண்டு மணிச் சூட்டைப் பார்க்க மறந்து
இருநூற்று நாற்பது என்று நானே எழுதியது.
ஒரு மணிக்கும் அதுதான், மூன்று மணிக்கும் அதுதான்.
ஒன்றும் ஆகவில்லை.
ஆகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.
அந்தச் சில்லுகள் இப்போது
எந்த ஊர்க் காருக்குள் ஓடுகின்றனவோ.

விழா மண்டபத்தில் எரிமலைகள்
ஆறல்ல, ஒன்பது.
சோடா வாசனையில் தலை வலித்தது.
மூக்கு நுனியில் கண்ணாடியோடு வந்த நடுவர்
கறுப்பு டின்னின் உயரமான கோட்டை விட்டுவிட்டு
காலிக் கட்டத்தில் விரல் வைத்தார்.
"இது?"
"அன்னைக்கு எங்களுக்குத் தெரியாது, சார்.
டின்னைக் கொட்டிட்டாங்க."

எங்களுக்கு என்றாள்.
நான் பார்வையாளர் வரிசையில்
கைப்பையின் ஜிப்பை
இழுத்து மூடி இழுத்துத் திறந்தேன்.

பரிசா?
ஆறுதல் பரிசு. ஒரு தண்ணீர் பாட்டில்.
கறுப்பு நிறம்.
வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக
மூடியை இறுக்கித் திருகினாள்.