மூன்றாவது சிலிண்டர்

குவாவ்டெபெக் மேட்டில்
மூன்றாவது வளைவு தாண்டினால்
எண்ணெய் வாடை.
பின்சீட்டில் தீவன மூட்டையோடு தோன்யா ரெஃபூகியோ
கண்ணாடியை இறக்கிவிட்டுச்
சிலுவைக் குறி போடுவாள்.

கம்பு கொடுத்துப் பின்மூடியைத் திறந்தே ஓட்டு,
காற்று போகட்டும் என்கிறான் நிக்கனோர்.
போன வாரம்தான்
அவன் டாக்ஸி எஞ்சினை இறக்கினார்கள்.

காற்றுக்குப் பஞ்சமில்லை.
கீழே கக்கிய சூட்டையே
மேலே மறுபடி உறிஞ்சுகிறது
என் வோச்சோ.
தகரத்துக்கும் பாடிக்கும் நடுவே
ரப்பர் இருந்த இடமெல்லாம்
எலி புகும் சந்து.

ராத்திரி, எஞ்சினுக்கு அடியில்
எரியும் பல்பை வைத்துவிட்டு
மேலிருந்து பார்த்தேன்.
எதிர்மலை வீடுகள் மாதிரி
அங்கங்கே வெளிச்சம்.

புது ரப்பர் பட்டையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து
தகர உதட்டுக்குள் அங்குலம் அங்குலமாகத் திணித்தேன்.
பிளக் வயர் நுழையும் ஓட்டைகளுக்கு வளையம்.
ஹீட்டர் குழாய் எப்போதோ பிய்ந்துபோய்
திறந்து கிடந்த வாய்க்கு
பால்பவுடர் டின் மூடி, மேலே கம்பிக்கட்டு.

ஒரு மணிக்கு மிச்சம்
ஒரே ஊசி வெளிச்சம்.
பவுடர் டப்பாக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது.
மூன்றாவது சிலிண்டர் பக்கம்.
விரல் வைத்தால் மறைகிறது,
எடுத்தால் சிரிக்கிறது.

அதையும் அடைத்தேன்.
கும்மிருட்டு.
கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல்
இவ்வளவு நேரம் நான் எதையும் ரசித்ததில்லை.

காலையில் பல்பை மறந்து வண்டியை எடுத்தேன்.
நொறுங்கியது, போகட்டும்.

முதல் வளைவு. இரண்டு. மூன்று.
வாடையில்லை.
தோன்யா கண்ணாடியை இறக்கவில்லை.
சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்கிறாள்:
ஹெர்மெலிந்தா,
இந்த வண்டியில் ஹீட்டர் கிடையாதா?