திருத்தம்

எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவில்
நடு பெஞ்சு காலியாகக் கிடந்தது, ஒன்பது நாள்.
சன்னல் பக்கம் தெற்குவாடி, நாட்டுப்படகுப் பிள்ளைகள்.
கதவுப் பக்கம் விசைப்படகு.
நடுவில் ஒரு டஸ்டர்,
என் குரல் போய் விழுகிற இடம்.

சமூக அறிவியல் புத்தகத்தில் சமாதானத்துக்கு
இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள்.
தேர்வில் ஐந்து மதிப்பெண்.
மூடி வைத்துவிட்டு
அந்த ராத்திரியைச் சொல்லுங்கள் என்றேன்.
யாரும் தன் வீட்டிலிருந்து சொல்லக் கூடாது,
அவ்வளவுதான் நிபந்தனை.

ரெக்சன் எழுந்தான், வேண்டாவெறுப்பாக.
"எங்க நண்டு வலைய விசைப்படகு அறுத்துருச்சு.
எங்கப்பா கரையில உக்காந்து அழுதாரு."
"அழல," என்றாள் நம்புசெல்வி, எழாமலே.
"டார்ச் அடிச்சு எண்ணுனாரு.
பதினேழு துண்டு வரைக்கும் எண்ணிட்டு
டார்ச்ச அணைச்சிட்டாரு."
முதலிலிருந்து மறுபடி சொன்னான்.
பதினேழில் கொஞ்சம் நின்றான்.

பிறகு அவள்.
"எங்களுக்கென்ன, போட்டு இருக்கு, ஐஸ் இருக்கு,
அடுத்தவன் வலையெல்லாம் கண்ணுக்குத் தெரியாது."
"போட்டு எங்களுது இல்ல.
அப்பா டிரைவர்தான், பங்குக்கு ஓடுறாரு.
ரெண்டு ராத்திரி தூக்கமில்ல. அன்னைக்கு
வீல்லயே தூங்கிட்டாரு."

சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டது.
பாலத்தில் ரயில் ஏதாவது வந்தால் தேவலை என்றிருந்தது.
வெள்ளிக்கிழமை மீன்துறை அலுவலகத்தில் பேச்சுவார்த்தை.
இந்த ஒரு வரி அங்கே போனால்
அந்த மனுஷனுக்கு இனி எந்தப் போட்டிலும் வேலையில்லை.
அந்த வரி இப்போது என்னிடமும் இருக்கிறது.
கதை கேட்டால் இப்படியும் ஆகும் என்று
எந்தப் பயிற்சி முகாமிலும் சொல்லவில்லை.

நம்புசெல்வி துப்பட்டா நுனியை முறுக்கினாள்.
"நான் இன்னும் முடிக்கல டீச்சர்.
எங்கப்பா முழிச்சுத்தான் இருந்தாரு.
அன்னைக்கு நிலா இல்ல.
மிதவை ஒண்ணும் தெரியல."

யாரும் திருத்தவில்லை.

வெள்ளிக்கிழமை பேச்சு முறிந்தது, ஒரு நாற்காலியும்.
நடு பெஞ்சில் இன்றும் ஆளில்லை.
டஸ்டரை மட்டும் யாரோ எடுத்து
கரும்பலகையைத் துடைத்திருக்கிறார்கள், பாதி வரை.

பதிவேட்டை மூடும்போது
சுவரில் காலண்டர் பக்கம் திரும்பாமல் இருக்கப் பார்க்கிறேன்.
பௌர்ணமிக்கு மறுநாள் அது.
கடல் முழுக்க வெள்ளையாகக் கிடந்தது,
நானும் மாடியில் நின்று பார்த்தேன்.