மூன்றாம் நம்பர் ஷட்டர்

மைக்செட் அன்றைக்குக் காற்றோடு வந்தது.
நீடாமங்கலத்தில் பாகவதர்
காக்கையைப் பறக்கவிட்டிருந்தார்.
நான் மூணாறு தலைப்பில்
அளவுகோலில் டார்ச் அடித்துப் பார்த்து
நோட்டில் எழுதினேன்:
இரவு பத்து. மூன்றடி இரண்டங்குலம்.
முறை, பாமணியாறு.
கோரையாற்று ஷட்டர்கள் இறக்கிப் பூட்டியாயிற்று.
சாவி என் அரைஞாணில்.

காக்கை கமண்டலத்தின் விளிம்பில் உட்கார்ந்த நேரம்
ஒரு டிவிஎஸ் வந்து நின்றது.
முத்துப்பேட்டைப் பக்கம், பெயர் செங்கமலம்.
ஓட்டி வந்த தம்பி இறங்கவேயில்லை.
முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பிடி நாற்றை எடுத்து
நோட்டின் மேல் வைத்தாள்.
வைக்கோல் என்றுதான் நினைத்தேன்.

"முறை வர இன்னும் நாலு நாள்."
"தெரியும்."
"மனு எழுதிக் குடுங்க, ஏ.ஈ. காலையில வருவாரு."
"குடுத்தாச்சு."
அப்புறம் எங்களுக்குள் பேச்சில்லை.
பாகவதர்தான் பேசிக்கொண்டிருந்தார்,
சூரனுக்குப் பயந்து தேவேந்திரன்
சீர்காழியில் மூங்கிலாய் ஒளிந்ததை,
பூசைக்கு வைத்த நந்தவனம் கருகியதை,
பிள்ளையாரிடம் போய்க் கையேந்தி நின்றதை.
தலையைச் சாய்த்துக் கேட்டவள் சொன்னாள்:
"இந்திரனும் கடைமடைதான் போலிருக்கு."

முப்பது வருஷமாய்க் கேட்கிற கதை.
எனக்கு அது குடகில் நடந்தது,
மேகத்துக்குள், மனுஷர் போகாத உயரத்தில்.
சீர்காழி கடைமடை என்று
ஒரு நாளும் தோன்றியதில்லை,
பாசன வரைபடத்துக்குக் கீழேயே
பாய் விரித்துத் தூங்குகிறவன் நான்.

பன்னிரண்டுக்கு மேல் திறந்தேன்.
மூன்றாம் நம்பர். ஆறு சுற்றுக்கு அரையடி ஏறும்.
கிரீஸ் காணாத திருகு
ஊரைக் கூட்டுகிற மாதிரி கரைந்தது.
நோட்டில் 'காரணம்' என்றொரு கட்டம் உண்டு.
பேனாவை வைத்து எடுத்தேன்.
ஒரு புள்ளி மட்டும் விழுந்திருந்தது.

காலையில் ஏ.ஈ. வந்தார்.
மதகடிப் பிள்ளையார் முன்னால்
வழக்கம்போல் நெற்றிப்பொட்டில் மூன்று குட்டு.
பையனைக் குட்டத் துரத்திய முனிவர்
துரத்தியது யாரை என்று தெரிந்து
தன் தலையிலேயே குட்டிக்கொண்டாரே, அந்தக் குட்டு.
பிறகு திரும்பி நோட்டைப் பார்த்தார்.
"யார் திறந்தது?"
சொன்னேன்.
காக்கைக்கு ஒரு சௌகரியம்,
கதை முடிவதற்குள் சாமியாகிவிட்டது.
எனக்கு மெமோ. ஒரு இன்கிரிமெண்ட் போயிற்று.

அதுகூடப் பரவாயில்லை.
மூன்றாம் நாள் பாமணியாற்றுக் கரையிலிருந்து
சிங்காரவடிவேலு என்று ஒருவர் வந்தார்.
சத்தம் போடுவார் என்று எழுந்து நின்றேன்.
போடவில்லை.
அவர் கையிலும் ஒரு பிடி நாற்று,
நுனி மட்டும் கருகல்.
"அரையடி குறைஞ்சதுல எங்க வாய்க்கால் ஏறல."
குடிக்கத் தண்ணீர் கேட்டார்.
செம்பு நிறையக் கொடுத்தேன்.
பாதியைக் குடித்துவிட்டு, மீதியை
கீழே கொட்ட மனமில்லாமல்
என்னிடமே திருப்பிக் கொடுத்துப் போனார்.

பாகவதர் ஊர் திரும்பும் நாள்.
ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் பிடித்தேன்.
போர்த்திய சால்வைகள் மடியில் ஒரு மஞ்சப்பையில்.
"சாமி, ஒரு சந்தேகம்.
அகத்தியர் அந்தத் தண்ணியை
யாருக்கு எடுத்துக்கிட்டுப் போனாரு?"
"தெற்கே போனார்."
"தெற்கே எந்த ஊருக்கு?
காக்கா கவுத்துட்ட பிறகு
அங்க குடத்தோட நின்னவங்க என்ன ஆனாங்க?"
டீயை ஆற்றினார்.
ஆறின பிறகும் ஆற்றினார்.
"புராணத்துல அது இல்லையேப்பா."
மன்னை ரயில் வந்து நின்ற பிறகும் எழாமல்,
டம்ளரைப் பார்த்தபடி சொன்னார்:
"இருந்திருக்கணும்."

இன்றும் ராத்திரி அளவு நான்தான் எழுதுகிறேன்.
ஷட்டர் மேல் காக்கை வந்து உட்கார்ந்தால்
விரட்டுவதில்லை,
கும்பிடுவதும் இல்லை.
எந்த ஆற்றைப் பார்த்து உட்காருகிறது
என்று மட்டும் கவனிக்கிறேன்.