எச்சம்

தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுத என்றேன்.
தீவில் பறவை எச்சம் வெட்டுகிறேன் என்றார்
எர்மோஹெனஸ் யவ்ரி.
பிஸ்கோவிலிருந்து ஆயகூச்சோவுக்கு
இரவுப் பேருந்தில் மலையேறி வந்தவர்.
நகக்கண்ணில் வெள்ளைத் தூள்.
குளித்தும் போகவில்லையாம்.
மூட்டை ஐம்பது கிலோ.
நாளுக்கு எத்தனை என்றால்,
எண்ணினால் கனக்கும் என்றார்.

தேடப்படுபவர்: அண்ணன். பெயர் செனோபியோ.
வயது பத்தொன்பது.
நாற்பத்தொரு வருடமாக அது மட்டும் ஏறவில்லை.

வாயைத் திறங்கள்.
பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறம்
இருபது முறை உரசினேன்.
இவ்வளவுதானா?
இவ்வளவுதான். எச்சில் போதும்.

இதில் என்ன இருக்கும்?
நாலே நாலு எழுத்து, ஐயா.
அடெனின் தைமினைப் பிடித்துக்கொள்ளும், இரண்டு கையால்.
குவானின் சைட்டோசினை, மூன்று கையால்.
மூன்று கையா?
கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாலில் ஒன்றுக்கு உங்கள் மூட்டையின் பெயர் என்றேன்.
கப்பலேறிப் போன எச்சத்திலிருந்து
ஒரு ஜெர்மன்காரர் முதலில் பிரித்தெடுத்தார்.
குவானோவில் கிடைத்ததால் குவானின்.
நெத்திலியின் வயிறு பளபளப்பதும் அதனால்தான்.

சிரிப்பார் என்று நினைத்தேன்.
வனு, என்றார்.
குவானோ இல்லை. எங்கள் கெச்சுவாவில் வனு.
சொல்லையும் சாக்கில் கட்டித்தான்
கொண்டுபோனார்களா?

என்னிடம் பதில் இல்லை.
குப்பியை மூடி எண் ஒட்டினேன்.

அவர் போன பிறகு
பதினேழாம் பெட்டியைத் திறந்தேன்.
ஒரு தொடையெலும்பு. ஒரு கடைவாய்ப்பல்.
பொத்தான் ஒன்று, நூலோடு.

உயிருள்ள உடலுக்குள்
எழுத்துப்பிழை திருத்த ஆள் உண்டு.
எலும்புக்குள் யார்?
சைட்டோசின் தன்னில் ஒரு துணுக்கை நழுவவிட்டு
ஓசையில்லாமல் யுராசிலாகிறது.
யுராசில் ஆர்.என்.ஏ. வீட்டுக்காரர்,
இங்கே வாசல் தவறி வந்து உட்கார்ந்திருக்கிறார்.
கருவி அவரைப் பார்த்துத் தைமின் என்று வாசிக்கும்.
அந்தப் பிழைகளையும் எண்ணிக்கொள்கிறேன்.
பிழையே இல்லாத எலும்பை நம்ப மாட்டேன்.
பெரும்பாலும் அது என் கையுறைக் கிழிசலில் கசிந்த
நானாகவே இருக்கும்.

தாய் மட்டுமே தரும் சின்ன வளையம் ஒன்று உண்டு.
அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒன்றே.
திரையில் அவருக்குக் குவானின். எலும்பிலும் குவானின்.
அடுத்த இடம் மங்கல்.
அதற்கடுத்ததும் பொருந்துகிறது.
எழுந்து நின்றேன், பிறகு உட்கார்ந்தேன்.
அந்தப் பள்ளத்தாக்கில்
எத்தனையோ பேருக்கு இதே வளையம் இருக்கலாம்.

அறிக்கை எனக்கு அனுமதிப்பது மூன்று விடைகள்:
ஆம்.
இல்லை.
தீர்மானிக்க இயலவில்லை.

ஞாயிறுதோறும் அழைக்கிறார்.
தீவின் உச்சிப் பாறையில்தான் சிக்னல்.
அவர் குரலுக்கு முன்னால்
ஆயிரம் பறவைகள் வந்துவிடுகின்றன.
என் வனு என்ன சொல்கிறது, செஞோரீட்டா?

இன்னும் பல்லைத் துளைக்கவில்லை என்கிறேன்.
துளைத்தால் அதில் கிடைக்கும் பொடி
ஒரு சிட்டிகை.
ஒரே ஒரு முறைதான் கேட்க முடியும்.

அதுவரை,
அவர் மூட்டை சுமந்து,
பறவைகள் நெத்திலி தின்று,
பொத்தான் தன் நூலைப் பிடித்து,
நான் நாலே எழுத்தை
எழுத்துக் கூட்டி, எழுத்துக் கூட்டி,