பதினான்காவது பெட்டி

செவ்வாய் வந்தார். வியாழன் வந்தார்.
வெள்ளியன்று கடை திறக்கும் முன்பே
பாதி ஏறிய ஷட்டருக்கு அடியில் இரண்டு காலணிகள்,
இடது காலில் நாடா இல்லை.

"ஞாபகத்துக்கு ஏதாவது இருக்கிறதா, அம்மணி?"
தொப்பியைக் கழற்றிக்கொண்டுதான் கேட்பார்,
ஒவ்வொரு முறையும்
முதல் முறை.

ப்ளோவ்தீவ் நகரத்தில், மரீத்சா ஆற்றுக்கு இந்தப் பக்கம்
முப்பத்தோரு வருடம் டிராலிபஸ் ஓட்டிய ராதோய் கெஹாயோவ்.
பஸ்ஸும் இல்லை இப்போது,
மேலே ஓடிய கம்பிகளையும் கழற்றிவிட்டார்கள்.
அவர் மட்டும் தெருவைக் கடக்கையில்
அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் கால் வைப்பார்.

முதலில் கிங்கோ கேட்டார்.
தொலைக்காட்சியில் வெள்ளைக் கோட்டு போட்ட நடிகர் ஒருவர்
விசிறி போன்ற அந்த இலையை
வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் புன்னகைக்கிறாரே, அது.
வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றேன்.
சட்டைப்பையிலிருந்து சீட்டு வந்தது:
இரத்தம் உறையாமலிருக்க ஒன்று, காலையும் மாலையும்.
அப்படியானால் கிங்கோ வேண்டாம்,
சவரம் செய்யும்போது கீறினால்கூட நிற்காமல் ஒழுகும் என்றேன்.
தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்.
எங்கள் நாட்டில் அதற்குச் சரி என்று பொருள்.

பனியைத் துளைத்து வரும் வெள்ளைப் பூவிலிருந்து எடுத்த மருந்து
உள்ளே பூட்டிய அலமாரியில் இருக்கிறது.
அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும்.
"போக மாட்டேன். லைசென்ஸைப் பிடுங்கிக்கொள்வார்."
அது காலாவதியாகி ஒன்பது வருடம்.

கடைசியில் மலைத் தேநீர்.
ரொதோப்பி மலையில் பாறை இடுக்குகளில் முளைப்பது.
சாம்பல் பூத்த தண்டு,
வைக்கோலில் எலுமிச்சை உருண்டு போன மாதிரி ஒரு வாசம்.
மூளைக்கு நல்லது என்கிறார்கள்.
நான் விற்கிறேன், சத்தியம் செய்வதில்லை.
பெட்டி பத்து லெவா.

இரண்டாவது முறை சொல்லிப் பார்த்தேன்:
முந்தாநாள்தானே வாங்கினீர்கள்?
அந்த முகம் விழுந்த விதத்தைப் பார்த்தபிறகு
மறுபடி நான் சொல்லவில்லை.

மாலையில் அவர் மகள் செவ்தா
பிரிக்காத பெட்டியைத் திருப்பிக் கொண்டுவருவாள்.
பத்து லெவாவைக் கொடுப்பேன்.
அவள் அதை அப்பாவின் கோட்டுப் பையில் போட்டுவிடுவாள்.
ஓரத்தில் நீல மைப்பொட்டு வைத்த அதே நோட்டு
இரண்டு நாளில் என் கல்லாவுக்கு வரும்.
கணினியில் இருப்பு குறையவேயில்லை.
நானும் செவ்தாவும் கண்ணோடு கண் பார்த்துக்கொள்வதுமில்லை,
ஏதோ கள்ளக்கடத்தல் செய்கிறவர்கள் போல.

பதினான்காவது விற்பனை.
பெட்டியைக் கையில் வாங்கியவர் தலைகீழாகத் திருப்பினார்.
"அடியில் பென்சிலில் ஏதோ கிறுக்கியிருக்கிறது.
கண்ணாடி கொண்டுவரவில்லை, படியுங்களேன்."

படித்தேன், வாய்க்குள்.
'ராதோய், இது உன்னிடம் இருக்கிறது.
மறுபடி வாங்காதே.
அந்தப் பெண் உனக்காகப் பொய் சொல்கிறாள்.'
அவருடைய எழுத்து. சீட்டில் பார்த்திருக்கிறேன்.
எந்த நாள், எந்தத் தெளிந்த கால்மணி நேரத்தில் எழுதினாரோ.

"கொதிக்கும் தண்ணீரில் ஏழு நிமிடம்" என்றேன்.
"ஏழா? யாரோ தெரியாதவன் எழுதியிருக்கிறான். பத்து."

பெட்டியைக் கிழித்தேன்.
பின்னறையில் ஊழியர்களுக்கான கெட்டிலில்
நான்கு தண்டுகளை ஒடித்துப் போட்டேன்.
அந்தப் பத்து நிமிடமும் அவர் நிறுத்தங்களைச் சொன்னார்:
ரயில் நிலையம், புகையிலைக் கிடங்கு, மருத்துவமனை,
மருத்துவமனை,
மருத்துவமனைக்கு அடுத்து ஒன்று.
நான் எடுத்துக்கொடுக்கவில்லை.
எனக்கும் தெரியாது, நான் நடந்து வருகிறவள்.

தேநீர் சற்றுக் கசந்தது. தேன் இல்லை.
நன்றாயிருக்கிறது என்றார்,
உங்களுக்கும் தேவைதான், களைத்துத் தெரிகிறீர்கள் என்றார்.
தொப்பியைப் போட்டுக்கொண்டு நோட்டை நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.

அன்றிரவு கணக்கு முடிக்கும்போது
மலைத் தேநீர் என்ற வரியில்
ஒன்று குறைந்திருந்தது.